எஞ்சின் இறக்கிய பிறகு

வண்டிக்கு எஞ்சின் மாற்றுவது பெரியகுளம் பக்கம் யாருக்கும் அதிசயமில்லை. பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சின் ஏறியதையும், ஆம்னிக்குள் கேஸ் சிலிண்டர் புகுந்ததையும் பார்த்த வட்டாரம் இது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் அதற்கென்றே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் தயாரித்தார். கரி வாயுவில் பெட்ரோலின் வலு கிடைக்காது. ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்களாம்.

அதனால், பழைய மாருதியின் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைக்கலாமா என்று டீக்கடையில் பேச்சு வந்தால் யாரும் சிரிப்பதில்லை. எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள்.

பட்டறை வேலையாகப் பார்த்தால் இது பெரிய வித்தையில்லை. எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் வெளியே போகும். கியர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வாயில் மோட்டாரைப் பொருத்த ஒரு பிளேட் கடைந்து தர நல்ல லேத் பட்டறை போதும். மறந்துபோகிற இடம் பிரேக். பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்கு வேண்டிய வெற்றிடத்தைப் பெட்ரோல் எஞ்சின்தான் உறிஞ்சித் தந்துகொண்டிருந்தது. எஞ்சின் போனால் தனியாக ஒரு மின் பம்ப் வைக்க வேண்டும். வைக்காமல் கொடைக்கானல் மலையிறங்க நினைப்பவருக்கு நான் வழித்துணை வரமாட்டேன்.

மலை என்றதும் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 5 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலையில் ஓடுவதற்கு ஆவது தனி. 15 யூனிட் பேட்டரி வைத்த கார் அடுக்கம் வழியாக ஏறிவிடும், மிச்சமும் இருக்கும். இறங்கும்போதுதான் வேடிக்கை. மோட்டாரே ஜெனரேட்டராகி, ஏறும்போது செலவானதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக் டிரம் காய்ந்து நாறும் வேலையும் குறையும். ஆனால் மேலே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கக்கூடாது. நிரம்பிய பேட்டரி வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அந்த நேரம் பார்த்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு குறைந்துவிடும்.

சட்டமும் கதவை அடைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பேட்டரியில் ஓடுவதற்கான மாற்றத்தை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. மோட்டாரும் பேட்டரியும் அடங்கிய கிட்டுக்குப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஒரு சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டில் ஓரகடத்தில் ஒன்று இருக்கிறது. மாட்டுகிறவர் கிட் தயாரித்தவரின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். வண்டி 1990-க்கு முன் தயாரானதாக இருக்கக்கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். ஹைதராபாத்தின் ஈ-ட்ரியோ நிறுவனம் இப்படித்தான் ஆல்டோவுக்கும் வேகன் ஆருக்கும் கிட் கொண்டுவந்தது. லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் கைப்படச் செய்த மின்சாரக் காருக்கு ரோட்டில் இடமில்லை. பேட்டரித் தீயை நினைத்தால் அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இத்தனையும் தெரிந்தும் என் காரில் கை வைக்கப் போவதில்லை. தேனிக்கும் மாந்தோப்புக்கும் போய்வருகிற வண்டி அது. மிச்சமாகும் பெட்ரோல் காசு, சில லட்சம் ரூபாய் கிட்டின் விலையை எட்டும் முன்பு பாடி துருப்பிடித்துவிடும்.

மாற்ற வேண்டியது ஜீப்புகளைத்தான். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள். தினமும் அதே பாதை, அதே தூரம். பகல் முழுக்க மேலே சும்மா நிற்கின்றன. சாயங்காலம் பாரத்தோடு இறங்குகின்றன. பாரத்தோடு இறங்குகிற வண்டிதான் அதிக மின்சாரம் திருப்பித் தரும். மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான பிழைப்பு நம் மாவட்டத்தில் வேறு இல்லை.

ஜீப் ஓட்டும் ஒருவரிடம் சொன்னேன். "நல்லாத்தாண்ணே இருக்கு. பாதி மலையில நின்னுட்டா பொம்பளையாளுகள யாரு வீட்ல கொண்டாந்து விடுறது? டீசல் வண்டின்னா நானே தட்டி ஓட்டிருவேன்" என்றார். அவருடைய இன்னொரு சிக்கலை அவர் சொல்லவில்லை. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின், பானட்டுக்குள் வேறொன்று என்று ஓடும் ஜீப்புகள் இங்கே உண்டு. அவற்றை எந்தக் கிட்டுக்காரரும் தொடமாட்டார். ஒப்புதலும் வண்டி மாடலைப் பார்த்தே தருகிறார்கள். ஆல்டோவுக்குச் செய்தால் நாடு முழுக்க விற்கலாம். பழைய கமாண்டர் ஜீப்புக்குச் செய்தால் வாங்க ஆள் எங்கே என்று முதலாளி கணக்குப் பார்ப்பார். சோதனைச் செலவை அரசு ஏற்றுக்கொண்டு, இந்த ஒரு வகை ஜீப்புக்காவது கிட் செய்யச் சொல்லலாம். பெட்ரோல் பஞ்சத்தில் அய்யங்கார் செய்ததும் ஊரில் ஓடிய வண்டிக்கான கிட்தானே.