அவசரகாலத் திட்டம் பீரோவுக்கா, ஊருக்கா?



கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. இரண்டாவது உலை 2017 மார்ச் 31 முதல் வணிக ரீதியாக மின்சாரம் தருகிறது. 3, 4-வது உலைகளுக்கு 2017லும், 5, 6-வது உலைகளுக்கு 2021லும் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஆக 6000 மெகாவாட், ஒரே கடற்கரையில், நம்ம ராதாபுரம் வட்டாரத்தில்.

உலை வேணுமா வேண்டாமா என்று ஊருக்குள்ளே இரண்டு கட்சி உண்டு. அந்த வாதத்தை இந்தத் தலையங்கத்தில் நாம் தொடவில்லை. வேணும்னு சொல்றவருக்கும் வேண்டாம்னு சொல்றவருக்கும் பொதுவான ஒரு கேள்வியைக் கேட்கிறோம். நாளைக்கு ராத்திரி "விபத்து, ஊரை விட்டுக் கிளம்புங்க" என்று அறிவிப்பு வந்தால், எந்தப் பாதையில் போகணும்? எந்த வண்டி வரும்? எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கணும்? தொழுவத்தில் கட்டியிருக்கிற கறவை மாட்டை அவிழ்த்து விடணுமா, ஓட்டிக்கொண்டு போகணுமா? அறுத்துக் களத்தில் கிடக்கிற நெல் யார் பொறுப்பு?

உங்க தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பதில் தெரிகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இது ஏதோ சர்க்கார் நமக்குச் செய்யும் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அணு உலைக்கு லைசென்ஸ் கொடுப்பதற்கே இது ஒரு நிபந்தனை. 1983ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் அந்த அனுமதியைக் கொடுக்கிறது. இடம் தேர்வு, கட்டுமானம், எரிபொருள் நிரப்புதல், இயக்குதல் என்று படிப்படியாக அனுமதி. உலையில் முதன்முதலாக எரிபொருள் நிரப்புவதற்கு முன்பாகவே, வளாகத்துக்கு வெளியே இருக்கிற மக்களுக்கான அவசரகாலத் திட்டம் தயாராக இருக்க வேண்டும், அதற்கு ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். வேலிக்கு உள்ளே நிலையத்து நிர்வாகம் பொறுப்பு. வேலிக்கு வெளியே பொறுப்பு மாவட்ட கலெக்டருடையது.

கூடங்குளத்துக்கு வகுத்த கணக்கு இதுதான். உலையைச் சுற்றி சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரை குடியிருப்பே கூடாது. 5 கிலோமீட்டர் வரை புதிதாகப் பெரிய குடியேற்றங்களையும் தொழில்களையும் வளரவிடாமல் கட்டுப்படுத்த வேண்டும். 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. இடிந்தகரை, செட்டிகுளம், விஜயாபதி, பெருமணல், கூத்தங்குழி, ராதாபுரம் எல்லாம் அந்த 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேதான் வருகிறது. மேலே கலெக்டர் ஆபீசில் படம் போட்டு வைத்திருக்கிற அந்த வட்டம், கீழே வாழுகிற நமக்குத் தெரிய வேண்டாமா?

முதல் உலைக்கு எரிபொருள் நிரப்பும் முன் இந்த நிபந்தனை எப்படி நிறைவேறியது? 2012 ஜூன் மாதம் நக்கநேரி என்கிற ஒரு சிற்றூரில் ஒத்திகை நடத்தினார்கள். ஆகஸ்டில் எரிபொருள் நிரப்ப அனுமதி வந்தது. செப்டம்பரில் நிரப்பும் வேலை தொடங்கியது. 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு ஒரு நக்கநேரி! ஒரு வயலில் ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்துவிட்டு நூறு ஏக்கருக்கு மகசூல் கணக்கு எழுதினால் நாம ஒத்துக்குவோமா?

அதே 2012ல் மத்தியத் தணிக்கைத் துறை, அதாவது சி.ஏ.ஜி., இந்த வாரியத்தின் செயல்பாடு பற்றி நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. நாட்டில் நடந்த வெளிவளாக ஒத்திகைகளே, தயார்நிலை போதாது என்பதைக் காட்டுவதாக அந்த அறிக்கை சொன்னது. குறையைச் சரிசெய்யச் சொல்லி வாரியம் பரிந்துரைக்கலாம், ஆனால் அதை நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்றும் சொன்னது. இதைச் சொன்னது போராட்டக்காரர்கள் இல்லை. சர்க்காரின் சொந்தக் கணக்குப்பிள்ளை சொன்னது.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூடங்குளம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உலையை இயக்கலாம் என்றது. கூடவே 15 உத்தரவுகளையும் போட்டது. அதில் ஒன்று: வாரியமும் தமிழ்நாடு அரசும் 2009ஆம் ஆண்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்த வேண்டும், நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அவசரகால ஒத்திகைகளை உள்ளாட்சிகளின் துணையோடு நடத்த வேண்டும். உள்ளாட்சி என்றால் நம்ம ஊராட்சி. ஆகவே, திட்டத்தைப் பற்றிக் கேட்கிற உரிமை நமக்கு உச்ச நீதிமன்றத்து உத்தரவிலேயே இருக்கிறது.

விவசாயிக்கு இதில் தனிக் கவலை என்ன என்று சிலர் கேட்கலாம். சொல்கிறோம்.

விபத்தில் காற்றோடு வருகிற விஷங்களில் கதிரியக்க அயோடின் ஒன்று. அது புல்லில் படியும். புல்லை மாடு தின்னும். பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கிற பிள்ளையின் கழுத்துக்குள் இருக்கும் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். அதனால் முதல் சில வாரங்கள்தான் உயிர்நாடி. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தபோது சோவியத் அரசு உடனே வாய் திறக்கவில்லை. பக்கத்து நகரமான பிரிப்யாத்தை ஒன்றரை நாள் கழித்துத்தான் காலி செய்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களில் பிள்ளைகள் அந்தப் பாலையே குடித்தார்கள். பின்னால் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. பெரும் பங்கு பால் வழியாக வந்தது.

அதே நேரம் அண்டை நாடான போலந்து என்ன செய்தது? மூன்றாம் நாளே அயோடின் மருந்து கொடுக்க ஆரம்பித்து, ஒரு கோடிப் பிள்ளைகளுக்கு மேல் கொடுத்து முடித்தார்கள். மாட்டை மேய்ச்சலுக்கு விடாதே, பிள்ளைக்குப் பால் பவுடர் கொடு என்றார்கள். நல்ல அயோடின் முன்கூட்டியே சுரப்பியை நிரப்பிவிட்டால் கெட்ட அயோடினுக்கு அங்கே இடம் இல்லை. அந்த மாத்திரையும் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். மாத்திரை திருநெல்வேலி குடோனில் இருந்தால் நமக்கு என்ன பிரயோசனம்? நம்ம ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கணும். எங்கே இருக்கிறது, யார் கையில் சாவி என்று ஊருக்குத் தெரியணும்.

அடுத்தது காற்று. காகிதத்தில் வட்டம் போடலாம். காற்று வட்டம் பார்த்து அடிக்காது. மேல்காத்து அடித்தால் கிழக்கே போகும், கொண்டல் அடித்தால் கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் திரும்பும் என்பது நம்ம ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கே தெரியும். ஜப்பானில் 2011 மார்ச் 11க்கு முன்னால் 8 முதல் 10 கிலோமீட்டருக்குத்தான் திட்டம் வைத்திருந்தார்கள். ஃபுகுஷிமாவில் 20 கிலோமீட்டருக்குக் காலி செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்களை ஏற்றிப் போக ஏற்பாடு இல்லாமல், வழியிலும் போன இடத்திலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதாத்தே என்ற கிராமம் உலையில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாட்டுக்குப் பேர்போன ஊர். காற்றும் மழையும் அந்தப் பக்கம் போனதால் விஷம் அங்கே இறங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் "நீங்களும் கிளம்புங்கள்" என்றார்கள். 20 கிலோமீட்டருக்குள் தொழுவங்களில் கட்டிக் கிடந்த மாடுகள் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் செத்தன. அந்த ஜூலையில், வெளியே கிடந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சியில் சீசியம் கண்டு, மாவட்டம் முழுக்க மாடு விற்கத் தடை போட்டார்கள். நம்ம வைக்கோல் படப்பும் வெட்டவெளியில்தான் நிற்கிறது.

மூன்றாவது பாதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலுக்குள்ளே சுமார் 800 பேர் சிக்கிக் கிடந்தார்கள். பாலம் உடைந்தது, ரோடு அறுந்தது, செல்போன் செத்தது. அப்படி ஒரு நாளில் உலையிலும் கோளாறு வந்தால்? ஃபுகுஷிமாவில் விபத்து தனியாக வரவில்லை. நிலநடுக்கத்தோடும் சுனாமியோடும் சேர்ந்தே வந்தது. "இந்த ரோட்டில் போகலாம்" என்று எழுதினால் போதாது, அந்த ரோடு தண்ணீருக்குள் போனால் எந்த ரோடு என்றும் எழுத வேண்டும்.

நான்காவது பணம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் கட்டுகிறோம். அதன் விதிகளில், போர், அணுசக்தி அபாயம் ஆகியவற்றால் வரும் இழப்புக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வறட்சிக்கு உண்டு, வெள்ளத்துக்கு உண்டு, இதற்கு இல்லை. அப்படியானால் நம்ம வாழையும் முருங்கையும் நிலக்கடலையும் பாலும் விலை போகாமல் நின்றால், எந்த ஆபீசில், எந்தப் படிவத்தில் மனு கொடுப்பது? அவசரகாலத் திட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

"திட்டம் சரியில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று மனம் தளர வேண்டாம். கேட்க வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1979ல் மூன்று மைல் தீவு உலையில் விபத்து நடந்தது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் மட்டும் கிளம்பினால் போதும் என்றார் கவர்னர். கிளம்பியது ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டே அங்கே விதி வந்தது: அவசரகாலத்தில் மக்களைக் காக்க முடியும், காப்பார்கள் என்ற நியாயமான உறுதி இல்லாமல் இயக்க லைசென்ஸ் கிடையாது. ஆட்களைக் காக்க 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். பாலையும் பயிரையும் தண்ணீரையும் கண்காணிக்க 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். விவசாயியின் வட்டம் பெரியது என்பதை அந்த விதியே ஒத்துக்கொண்டது.

நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் என்ற தீவில் ஷோர்ஹாம் உலை. 1983ல் அந்த மாவட்டத்தின் கவுன்சில், "விபத்து நடந்தால் இந்தத் தீவில் இருந்து மக்களை வெளியேற்ற முடியாது, எந்தத் திட்டத்துக்கும் நாங்கள் உடன்பட மாட்டோம்" என்று தீர்மானம் போட்டது. 500 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய உலை. விதியைத் தளர்த்தி 1989ல் லைசென்ஸும் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு நாள்கூட அது வணிக ரீதியாக ஓடவில்லை. மாநில அரசு ஒரு டாலருக்கு வாங்கி மூடியது. ஜப்பானில் 2021 மார்ச்சில் மிதோ நகர நீதிமன்றம், தோகாய் இரண்டாவது உலையை இயக்கத் தடை விதித்தது. 30 கிலோமீட்டருக்குள் 9 லட்சத்துக்கும் மேல் மக்கள். வெளியேற்றும் திட்டம் வைத்திருந்தது 14 ஊராட்சி, நகராட்சிகளில் வெறும் 5. அதுதான் காரணம்.

கவுன்சில் தீர்மானத்துக்கு அங்கே இருந்த பலம் நம்ம கிராமசபைத் தீர்மானத்துக்கும் வரணும் என்றால், முதலில் நாம அதை நிறைவேற்றணும். நமது கோரிக்கைகள் இவை:

1. வெளிவளாக அவசரகாலத் திட்டத்தில் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி முழுவதும் தமிழில் அச்சடித்து, 16 கிலோமீட்டருக்குள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடு. ஊராட்சி ஆபீசிலும் ரேஷன் கடையிலும் ஒட்டு.

2. ஒவ்வொரு ஊருக்கும் கூடும் இடம், பஸ் எண்ணிக்கை, தங்கும் இடம், மாற்றுப் பாதை இன்னது என்று கிராமசபையில் வாசி. முதியோர், ஊனமுற்றோர், கர்ப்பிணிகள் பட்டியலை ஊராட்சி தயாரிக்கட்டும்.

3. ஆடு மாடு, பால், தீவனம், அறுவடை, கிணற்றுத் தண்ணீர் பற்றித் தனி அத்தியாயம் எழுது. கால்நடைத் துறையும் வேளாண்மைத் துறையும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

4. அயோடின் மாத்திரையை ஊருக்குள் வை.

5. அணு விபத்தால் வரும் பயிர், பால் இழப்புக்கு யார், எத்தனை நாளில், எப்படிக் கொடுப்பார்கள் என்று எழுத்தில் சொல்.

6. இனி எரிபொருள் நிரப்பப்போகும் ஒவ்வொரு உலைக்கும் முன்பாக, ஒரு ஊரில் மட்டும் அல்லாமல் பல ஊர்களில், மழைக்காலத்திலும் ராத்திரியிலும் ஒத்திகை நடத்து. குறைகளை ஊரறிய வெளியிடு. குறை தீராமல் அனுமதி கொடுக்காதே.

இதில் எந்தக் கோரிக்கையும் மின்சாரத்துக்கு விரோதமானது இல்லை. உலை பத்திரமானது என்று நம்புகிற அதிகாரிக்கு, திட்டத்தைக் காட்டுவதில் என்ன தயக்கம்? பஸ் ஓடும் என்ற நம்பிக்கை இருந்தாலும் அவசர வழி என்று ஒரு ஜன்னல் வைக்கிறார்கள். அந்த ஜன்னல் எங்கே என்று பயணிக்குத் தெரியும்படி எழுதியும் வைக்கிறார்கள்.

வருகிற கிராமசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாக வையுங்கள். பதிவேட்டில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள். மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்தத் தீர்மான நகலோடு வாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊருக்கு ஒரு மனு போடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் சங்கக் கிளையில் எழுதித் தருகிறோம். மீனவ மக்களையும் கூப்பிடுங்கள். அலையும் காற்றும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

திட்டத்தை ஊருக்குக் கொண்டு வருவோம்!
பால் மாட்டுக்கும் பச்சைப் பயிருக்கும் பாதுகாப்புக் கேட்போம்!
கிராமசபையில் ஒன்றுகூடுவோம்! உரிமையை வென்றெடுப்போம்!