தண்ணீர் கேட்டவர்களின் நாவல்

ஈழத்து நாவல்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கே. டானியலின் ‘பஞ்சமர்’ என்ற பெயரும் எழும். கூடவே ஒரு மறுப்பும் எழும். “அதெல்லாம் அந்தக் காலத்துச் சாதிக் கதை. ஆறின புண்ணை ஏன் கிளற வேணும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நமது வீடுகளில் இன்னொரு கேள்வியும் உண்டு. “அது தமிழ் ஆக்கள்ட பிரச்சினை. எங்களுக்கென்ன?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்தவற்றை அறியாமல் அந்த நாவலை விளங்கிக்கொள்ள முடியாது. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் அன்று தேநீர்க்கடைக்குள் அமர்ந்து ஒரு தேநீர் குடிக்க முடியாது. வெளியே நின்று போத்தலிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். பெரிய கோயில்களின் வாசலைத் தாண்ட முடியாது. கிணற்றில் வாளி போட முடியாது. யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். இவற்றைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறிவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் திறந்த கதவு ஊரில் திறக்கவில்லை.

திறக்காத கதவைத் தட்ட மக்களே புறப்பட்டார்கள். 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினார்கள். ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை போன்ற ஊர்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. உயிர்களும் போயின. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல வந்தவர்களைத் தடுக்க வாசலில் நின்றவர்களில் ஒருவர் சி. சுந்தரலிங்கம். அவர் முன்னாள் அமைச்சர். கணிதப் பேராசிரியராக இருந்தவர். படிப்பு மட்டுமே மனிதனைத் திருத்திவிடும் என்று நம்புகிற நம் போன்ற மாணவிகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

டானியல் இந்தப் போராட்டங்களைத் தூரத்தில் இருந்து பார்த்தவரல்லர். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றில் பிறந்து, அந்த இயக்கத்தில் நின்று உழைத்தவர். அதனால்தான் அவரது நாவலில் தனியொருவரின் சோகத்தைவிட ஒரு சமூகம் நிமிர்வதே பெரிதாகத் தெரிகிறது. பாத்திரங்கள் பேசுவதும் ஊர்ப் பேச்சு. பண்டிதத் தமிழ் இல்லை. “இது பிரசாரம், இலக்கியம் அல்ல” என்று சொன்ன விமர்சகர்கள் இருந்தார்கள். நாவலில் கோபம் கலையை மீறும் இடங்கள் இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் குடத்தோடு காத்து நின்றவரிடம் “கொஞ்சம் அழகாகக் கேளுங்கள்” என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ 1960 இல் வெளிவந்தது. வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய் என்று தண்ணீரைக்கூடப் பிரித்து வைத்திருந்த அலபாமா மாநிலம்தான் அந்த நாவலின் களம். உலகமே அதைப் படித்தது, படிக்கத்தான் வேண்டும். ஆயினும் அதில் கதை சொல்பவள் ஒரு வெள்ளை வழக்கறிஞரின் மகள். ‘பஞ்சமர்’ நாவலிலோ அடிபட்ட சமூகத்திலிருந்து வந்தவரே எழுதுகிறார். நீதியை வேறொருவர் வாதாடிப் பெற்றுத்தருவது ஒன்று. தாமே எழுந்து கேட்பது இன்னொன்று. நமது மண்ணில் எழுந்த இந்த இரண்டாவது குரலை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பது என் ஆதங்கம்.

டானியல் 1986 இல் தஞ்சாவூரில் காலமானார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது நாவலின் பெயர் ‘தண்ணீர்’. அவருக்கு முன்பே டொமினிக் ஜீவா தனது முதல் சிறுகதைத் தொகுதிக்கு ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயர் வைத்தார். ஏன் இவர்கள் தண்ணீரையே எழுதினார்கள் என்று தீவகத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாரந்தனையில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் உவர், குளிக்கத்தான் உதவும். குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் இல்லாத கஷ்டம் எங்களுக்குத் தெரியும். கண்ணெதிரே நல்ல தண்ணீர் இருந்தும் “நீ அள்ளாதே” என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்வது அதைவிடக் கொடுமை.

இனி, “எங்களுக்கென்ன?” என்ற கேள்விக்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எப்படியிருக்கும் என்பது அன்று எமக்கும் தெரிந்தது. போன ஊரில் என் உம்மாவை ‘அகதிப் பிள்ளை’ என்றே அழைத்தார்களாம். அழைத்தவர்களும் நம்மவர்கள்தான். தொழுகை வரிசையில் அரசனும் ஏழையும் தோளோடு தோள் நிற்கும் மார்க்கம் நமது. அந்த வரிசை கல்யாணப் பேச்சிலும் பந்தியிலும் கலையாமல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே, பாடப்புத்தகம் தவிர்ந்த நூலைப் பிள்ளை கையில் எடுத்தால் பரீட்சை கெட்டுவிடும் என்று அஞ்சாதீர்கள். தோழிகளே, ‘பஞ்சமர்’ நாவலைத் தேடி வாசியுங்கள். வாசித்த பின் உம்மும்மாவிடம் போய் 1990 பற்றிக் கேளுங்கள். சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புண் ஆறிவிட்டதா இல்லையா என்று புண்பட்டவர்தான் சொல்ல வேண்டும். டானியல் தன் மக்களுக்காக அதைச் சொன்னார். நம் மக்களின் கதையைச் சொல்லும் அந்தப் பெரிய நாவல் ஒருநாள் இக்கல்லூரி மாணவி ஒருத்தியின் கையால் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதற்படி, மற்றவர் பட்ட வலியை வாசிக்கப் பழகுவதே.

— உயர்தர மாணவி, கலைப்பிரிவு
நாரந்தனை