இடமில்லை எண்டு சொல்லும் கமரா

லினக்ஸ் கணினியில் ஒரே யூஎஸ்பி ஹப்பில் இரண்டு வெப்கமராவைக் கொழுவி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். முதலாவது வேலை செய்யும். இரண்டாவதுக்குப் பல வேளைகளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும்: சாதனத்தில் இடம் மீதமில்லை.

இடமா? கமராவில என்ன இடம்? இதை வாசிக்கிற ஆள் டிஸ்க் நிரம்பிப் போச்சு எண்டுதான் நினைப்பார். பழைய படங்களை அழிப்பார். அழிச்ச பிறகும் அதே செய்தி. பிறகு கடைக்குக் கொண்டுபோய், காசு குடுத்து ஃபோர்மட் அடிக்கிறதும் நடக்கும்.

உண்மையில் டிஸ்க்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெப்கமரா வீடியோ அனுப்பத் தொடங்க முன், யூஎஸ்பி பாதையில் தனக்கொரு பங்கை ஒதுக்கச் சொல்லிக் கேட்கும். யூஎஸ்பி 2.0 இன் வேகம் செக்கனுக்கு 480 மெகாபிட். அதிலும் இப்படி ஒதுக்கக்கூடியது 80 வீதம்தான். சில கமராக்கள் தேவைக்கு மேலாகவே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாவது கமரா வந்து கேட்கும்போது பங்கு மிச்சமில்லை. அப்போது கெர்னல் 28 ஆம் இலக்கப் பிழையைத் திருப்பிக் கொடுக்கிறது. யுனிக்ஸ் காலத்திலிருந்தே அந்த இலக்கம் டிஸ்க் நிரம்பியதைச் சொல்ல வந்தது. யூஎஸ்பி பகுதியை எழுதியவர்கள் இலக்கத்தை இரவல் வாங்கினார்கள், பழைய வாசகமும் கூடவே வந்துவிட்டது. யூஎஸ்பியில் இதற்கு என்ன அர்த்தம் என்று கெர்னல் ஆவணத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கு. கமரா கொழுவுற எத்தனை பேர் அதைத் தேடி வாசிக்கப் போகினம்?

இலக்கத்தை மாற்ற ஏலாது என்பார்கள். அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் உடைந்துவிடும். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் டிரைவர் லொக்கில் எழுதுகிற வரியை மாற்றலாம்தானே? அங்கே கிடைப்பது 'யூஆர்பி 0 ஐ அனுப்ப முடியவில்லை (-28)' என்ற மாதிரி ஒன்று. என்ன நடந்தது என்று தெரிந்த டிரைவர், 'யூஎஸ்பி பாதையில் போதிய பங்கு இல்லை, ரெசலூஷனைக் குறையுங்கள் அல்லது ஹப்பை விட்டு வேறு போர்ட்டில் கொழுவுங்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? (லினக்ஸின் பழைய பிரிண்டர் டிரைவர், காரணம் பிடிபடாத பிழைக்கு 'தீப்பற்றி எரிகிறது' என்றே எழுதும். அதை ஆராவது பகிடி எண்டாவது விளங்கிக்கொள்ளுவினம்.)

மென்பொருள் தமிழாக்கத்தில் எங்கட ஆக்கள் நிறைய உழைக்கினம், நல்ல வேலை. ஆனால் இந்தச் செய்தியை எவ்வளவு வடிவான தமிழில் மாற்றினாலும் வாசிக்கிறவர் படங்களைத்தான் அழிப்பார். முதலில் மூலத்தைத் திருத்த வேணும்.

கணினி படிக்கிற பெடியள், பெட்டையள் கையிலெடுக்கக்கூடிய அளவு வேலை இது. கெர்னல் எழுதுவதென்றால் பெரிய ஆக்களின்ட வேலை எண்டு ஒதுங்கத் தேவையில்லை, திருத்தம் சில வரிதான். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல கெர்னலோடேயே ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. சோதித்துப் பார்க்க இரண்டு பழைய கமராவும் ஒரு மலிவான ஹப்பும் காணும்.