நீச்சல் குளமும் யந்திர அறையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரையிலும், கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள தோப்பு வீடுகளிலும், சொந்த உபயோகத்துக்கென்று நீச்சல் குளம் கட்டிக்கொள்ளும் கிருகஸ்தர்கள் பெருகி வருகிறார்கள். கோடையில் ஜனங்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் அது தர்மமா என்ற கேள்வியை இன்றைக்கு ஒதுக்கி வைக்கிறேன். என் ஆட்சேபம் வேறு. குளத்தில் பதிக்கும் டைல்ஸ் நீலமா பச்சையா என்று ஒரு மாதம் ஆலோசிக்கிற அவர்கள், அந்த நீரைக் கெடாமல் காக்கும் யந்திரங்கள் இருக்கும் அறைக்குள் ஒரு தடவைகூடக் குனிந்து நுழையாமல், "அதெல்லாம் பூல்காரர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வாக்கியத்தில் தங்கள் பொறுப்பை முடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான்.

அந்த அறையில் அப்படியொன்றும் பெரிய ரகசியம் இல்லை. குளத்து விளிம்பிலுள்ள ஸ்கிம்மர் வழியாக மேல்மட்டத்து நீரும், அடியிலுள்ள மெயின் டிரெயின் வழியாக ஆழத்து நீரும் இழுக்கப்பட்டு, பம்பின் முன்னுள்ள கூடையில் இலை, சருகு, தலைமுடி முதலியவற்றை விட்டு, மணல் ஃபில்டரில் நுண்ணிய அழுக்கையும் இழந்து, சுவரிலுள்ள துவாரங்கள் வழியே மறுபடியும் குளத்துக்குத் திரும்புகிறது. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் ஏறக்குறைய 45,000 லிட்டர் நீர் நிற்கும். அத்தனை நீரும் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வரவேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெரிய பம்பாகப் போட்டால் சீக்கிரம் சுத்தமாகும் என்ற நம்பிக்கை வீண். ஃபில்டர் தாங்கும் வேகத்தை மீறி நீர் பாய்ந்தால் மணல் அழுக்கைப் பிடிப்பதில்லை. கரண்டு பில் மட்டும் ஏறும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து இரு மடங்கு நேரம் ஓட்டினால், கணக்குப்படி மின்சாரம் கால் பங்குதான் செலவாகும்.

ஃபில்டரின் தலையில் பல நிலைகளுக்குத் திருப்பக்கூடிய ஒரு வால்வும், அதன் அருகே ஒரு பிரஷர் கேஜும் இருக்கும். வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளவேண்டியதில் பாதி இந்த இரண்டில் அடங்கிவிடும். மணல் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று சுவரில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குமேல் 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. ஏறியபோது மட்டும், நீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவும் பேக்வாஷைச் செய்தால் போதும். தினம் செய்வது சிரத்தை போலத் தோன்றினாலும், மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்பில் மூன்று நிமிஷ பேக்வாஷ் 500 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. போதாக்குறைக்கு, லேசாக அழுக்கேறிய மணல்தான் புது மணலைவிட நன்றாக வடிகட்டும். பம்பு ஓடும்போது வால்வின் கைப்பிடியைத் திருப்பக்கூடாது. திருப்பினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் நகர்ந்தோ கிழிந்தோ போய், அதன் பிறகு ஃபில்டர் நிலையிலேயே வடிகால் குழாயில் ஓயாமல் நீர் கசியும்.

குளோரினைப் பற்றி ஒரு பிரமை பரவியிருக்கிறது. நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த நெடி, வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து வீரியமிழந்த குளோரினுடையது. அது போட்டது போதவில்லை என்பதற்கு அடையாளம். பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்கவேண்டும்; அதற்குமேல் ஏறினால் எவ்வளவு கொட்டினாலும் அதிகப் பிரயோஜனமில்லை. அது 8-ஐத் தொடும்போது கிருமியைக் கொல்லும் பகுதி கால் பங்குக்கும் குறைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்வதற்கான ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் காற்றோட்டமில்லாத ஒரே பொந்தில் அடுத்தடுத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும் என்று அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொன்னதில்லை போலும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் குளத்தின் அடியில் இருக்கிறது. டிரெயின் ஒன்றே ஒன்றாயிருந்து, அதன் மூடி உடைந்தோ கழன்றோ போயிருந்தால், அதன்மேல் உட்காரும் குழந்தையையோ மிதந்து வரும் நீண்ட கூந்தலையோ பம்பு கவ்விக்கொள்ளும். நல்ல பலசாலி இழுத்தாலும் விடுவிப்பது கடினம். 2002-இல் அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இப்படித்தான் மாண்டாள். அவள் பெயரைத் தாங்கி 2007-இல் இயற்றப்பட்ட சட்டம், அந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டிரெயின் மூடியும் உறிஞ்சிப் பிடிக்காத அமைப்புடையதாக இருக்கவேண்டும் என்று விதித்தது. பேரிழப்பு நேர்ந்த பிறகு சட்டம் செய்வதைவிட, குளம் வெட்டும்போதே இந்த நியாயத்தை நாம் ஏற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்? குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு டிரெயின்களை ஒரே குழாயில் இணைத்தால், ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று இழுவையைப் பகிர்ந்துகொள்ளும். பம்பை நிறுத்தும் ஸ்விட்சு பூட்டிய அறைக்குள் இல்லாமல் குளத்தருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அது எது என்று சமையற்கார அம்மாளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஸ்விட்சைப் பிற்பாடுகூட மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது டிரெயினை மட்டும் வரைபடம் தயாராகும்போதே கேட்டு வாங்கிவிடவேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு கேட்டால், தரையை உடைத்துத்தான் காண்டிராக்டர் பதில் சொல்லவேண்டியிருக்கும்.