புதிய ஆபரேஷன் என்றால்...

கடையில் ஒரு பட்டுப் புடவையை எடுத்தால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! சாயம் நிற்குமா, ஜரிகை கறுக்குமா, போன வருஷம் வாங்கிக்கொண்டு போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்து விடுகிறோம். அதே நாம், "புதிதாக ஓர் ஆபரேஷன் வந்திருக்கிறது, அம்மா. அரை மணியில் முடிந்துவிடும்" என்று டாக்டர் சொன்னால், "உங்கள் இஷ்டம் டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டு விடுகிறோம்.

நமக்காக அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே ஒரு சபை பிரிட்டனில் இருக்கிறது. 1999-ல் ஏற்பட்டது. 'நைஸ்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு 'இனியது' என்று பொருள். அதன் தீர்ப்புகள் எல்லாருக்கும் இனிப்பதில்லை என்பது வேறு விஷயம்! 2002-லிருந்து புது ஆபரேஷன்களையும் அது பரிசீலித்து வந்தது. டாக்டர்களோடு, டாக்டர் அல்லாத பொதுஜனங்களும் அந்தக் குழுவில் உட்கார்ந்தார்கள்.

அதன் பதில் 'சரி', 'சரியில்லை' என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழக்கம்போல் செய்யலாம் என்பது ஒன்று. விசேஷ ஏற்பாட்டோடு செய்யலாம் என்பது இன்னொன்று. அதாவது, இதில் இன்னும் சந்தேகங்கள் உண்டு என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். செய்தவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கணக்கும் எழுதி வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யலாம் என்பதும் உண்டு. செய்யவே வேண்டாம் என்பதும் உண்டு.

அந்த 'விசேஷ ஏற்பாடு' இருக்கிறதே, அங்கேதான் வம்பு. 'செய்யலாம்' என்பது எல்லார் காதிலும் விழுகிறது. மற்றது காற்றோடு போய்விடுகிறது.

பிள்ளை பெற்ற பிறகு நம்மில் பலருக்கு அடி வயிற்றுத் தசைகள் தளர்ந்து போகின்றன. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிகிறது. சிலருக்கு உள்ளுறுப்புகளே கீழே இறங்கிவிடுகின்றன. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கல்யாணம், யாத்திரை எல்லாவற்றையும் தவிர்க்கிற பெண்கள் எத்தனை பேர்! பிரிட்டனிலும் அதே கதைதான். அங்கே, பிளாஸ்டிக் இழையால் நெய்த ஒரு வலையை உள்ளே வைத்துத் தாங்குகிற ஆபரேஷன்கள் பரவின. கசிவுக்கான வலை நாடாவை ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று நைஸ் 2003-ல் கூறியது. இறக்கத்துக்கு வைக்கிற வலைக்கு 2008-ல் அது சொன்ன பதில், நான் மேலே சொன்ன 'விசேஷ ஏற்பாடு'.

பலருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் சிலருக்கு அந்த வலை உள்ளே சதையை அரித்தது. உட்கார முடியவில்லை, நடக்க முடியவில்லை. தாம்பத்தியமே நின்றுபோன குடும்பங்களும் உண்டு. எடுத்துவிடலாமென்றால், வலையோடு சதை பின்னி வளர்ந்துவிடுகிறது. முழுவதும் எடுப்பது சுலபமல்ல. எத்தனை பெண்களுக்கு வைத்தார்கள், எத்தனை பேர் அவதிப்பட்டார்கள் என்று பார்க்கத் தேசம் முழுவதற்குமான பதிவேடு ஒன்றும் அப்போது இருக்கவில்லை. எழுத வேண்டிய கணக்கை யார் எழுதினார்கள்?

2017 டிசம்பரில் நைஸ் தன் பதிலை மாற்றிக்கொண்டது: இறக்கத்துக்கு அந்த வழியில் வலை வைப்பது இனி ஆராய்ச்சிக்கு மட்டும். மறு வருஷம் ஜூலையில், கம்பர்லெஜ் சீமாட்டியின் விசாரணைக் குழு சொன்னதன் பேரில், கசிவுக்கான வலையும் இங்கிலாந்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் குழு எழுநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கேட்டறிந்து 2020-ல் அறிக்கை வெளியிட்டது. வலி என்று வந்தவர்களை, "பெண்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! வலையை விட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

நம் தேசத்திலும், மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ், வைத்திய முறைகளை மதிப்பிட 2017-ல் ஓர் அமைப்பு தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனாலும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எதிரே உட்காருகிறவர் நீங்கள்தானே? புடவைக் கடையில் கேட்பதைத்தான் அங்கேயும் கேட்க வேண்டும். இதை எத்தனை வருஷமாகச் செய்கிறார்கள்? ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? உள்ளே வைப்பதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி உண்டா?

கடைசிக் கேள்விக்கு, கசிவைப் பொறுத்தவரை, பதில் உண்டு. 2019-ல் நைஸ் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் சிகிச்சை ஆபரேஷன் அல்ல, பயிற்சிதான். தேர்ந்தவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அடித் தசைகளை இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். செலவு அதிகமில்லை. பழகிவிட்டால், காய் நறுக்கிக்கொண்டே செய்யலாம். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது.