ஓடினால் மட்டும் போதுமா?

நம் ப்ராஜெக்ட் வைவாவில் வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஓடுதா?" எல்.இ.டி. எரிந்தால், மோட்டார் சுற்றினால், எல்.சி.டி.யில் கல்லூரிப் பெயர் வந்தால் மார்க் விழுந்துவிடும். "வேலை முடிஞ்சதும் நிக்குதா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அடாப்டரில் சொருகி வேலை பார்க்கும்வரை இது பெரிய விஷயமாகத் தோன்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் நின்றவர்கள் அடிக்கடி பார்த்தது போனில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதைத்தான். அந்தச் சதவீதத்தை முடிவு செய்வது பேட்டரி மட்டும் என்று நினைக்காதீர்கள். போனுக்குள் கேமரா, வைஃபை, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் புரோகிராம் உண்டு. வேலையில்லாத நேரத்தில் அது தன் பகுதியை அணைத்ததா, சும்மா விட்டுவிட்டதா என்பதும் அந்தக் கணக்கில் சேரும். முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதிய புரோகிராம், வெள்ளத்துக்கு நடுவே இங்கே ஒரு போனை அணைத்துவிடலாம்!

தியரி நமக்குத் தெரிந்ததுதான். சி.மாஸ் கேட் மாறும்போதுதான் பெரும்பகுதி மின்சாரத்தைத் தின்னும். அது கொள்ளளவு, மின்னழுத்தத்தின் வர்க்கம், அதிர்வெண் இம்மூன்றின் பெருக்கலைப் பொறுத்தது. இதில் நாம் கவனிக்காமல் விடுவது கிளாக் கம்பியை. டேட்டா வந்தாலும் வராவிட்டாலும் அது துடித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் அந்தச் செலவு போச்சு. பிறகும் கசிவு மின்னோட்டம் இருக்கும். அதையும் ஒழிக்க வேண்டுமானால் சப்ளையையே துண்டிக்க வேண்டும். ஆனால் அப்போது ரெஜிஸ்டரில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். திரும்ப எழுப்பும்போது டிரைவர் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். எது சின்னத் தூக்கம், எது பெரிய தூக்கம் என்று டிரைவர் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கையில் படாதபாடு படும் 8051-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பி.கான் என்ற ரெஜிஸ்டரை நாம் தொடுவது பாட் ரேட்டை இரட்டிப்பாக்க, கடைசி பிட்டுக்காக மட்டும். அதே ரெஜிஸ்டரின் முதல் இரண்டு பிட்டுகளும் தூக்கத்துக்கானவை. ஒன்றைப் போட்டால் சி.பி.யு. மட்டும் நிற்கும், டைமர், சீரியல், இண்டரப்ட் விழித்திருக்கும். மற்றதைப் போட்டால் ஆஸிலேட்டரே நின்றுவிடும். அட்மெல் 89சி51 டேட்டா ஷீட்டில் உள்ள அதிகபட்ச அளவுகள் இவை: 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது 20 மில்லி ஆம்பியர், முதல் வகைத் தூக்கத்தில் 5 மில்லி ஆம்பியர், ஆஸிலேட்டர் நின்றால் 100 மைக்ரோ ஆம்பியர். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியோடு கணக்குப் போடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் 100 மணி நேரம், அதாவது நாலு நாள். முழுத் தூக்கத்தில் 20,000 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கும் மேல். (சிப்புக்கு மட்டும் போட்ட கணக்கு இது. கூட ஒட்டியிருக்கும் ரெகுலேட்டரும் பவர் எல்.இ.டி.யும் தின்பது தனி!) அடையாற்றங்கரையில் நீர்மட்டம் பார்க்க ஒரு கருவி வைத்தால் அது நாலு நாள் தாங்குமா, பருவமழை முழுக்கத் தாங்குமா என்பது இந்த இரண்டு பிட்டில் இருக்கிறது.

8051-ல் எல்லாம் ஒரே புரோகிராம் கையில். லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சிக்கல் கூடுகிறது, ஏனென்றால் ஒரே கிளாக்கைப் பல டிரைவர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மயிலாப்பூரில் பழைய ஸ்டோர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நீள நடை, இரு பக்கமும் ஆறேழு குடித்தனம், நடைக்கு ஒரே விளக்கு. வீட்டுக்குள் போனவர் அணைத்துவிட்டால், குடத்தோடு பின்னால் வருகிறவர் தடுக்கி விழுவார். யாருமே அணைக்காவிட்டால் விடிய விடிய எரியும். சுவிட்ச் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டி, விளக்கு வேண்டும் என்பவர் ஒரு கோடு போடட்டும், வேலை முடிந்ததும் தன் கோட்டை அழிக்கட்டும், கடைசிக் கோடு அழிந்தால் விளக்கு அணையட்டும் என்றால் தீர்ந்தது. லினக்ஸ் கர்னல் செய்வது இதையேதான். முன்பு ஒவ்வொரு ஏ.ஆர்.எம். சிப் குடும்பத்துக்கும் இந்தச் சிலேட்டு தனித்தனி பாணியில் இருந்தது. 2012-ல் வந்த 3.4 பதிப்பில்தான் எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு வந்தது.

நடை விளக்குக் கதையில் இன்னொருவர் உண்டு, வீட்டுக்கார மாமி. ராத்திரி பத்து மணிக்கு வந்து, சிலேட்டில் கோடு இல்லையென்றால் அணைத்துவிடுவார். கர்னலும் பூட் ஆகி முடியும் சமயத்தில் யாரும் உரிமை கோராத கிளாக்குகளை அணைத்துவிடும். கோடு போடாமல், பூட்லோடர் ஏற்றி வைத்த விளக்கில் ஓசியில் படித்துக்கொண்டிருந்த டிரைவர் அப்போது மாட்டிக்கொள்ளும். கிளாக் இல்லாத பகுதியின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போனால் பதில் வராது. பல சிப்புகளில் சிஸ்டமே உறைந்துவிடும். காரணம் தெரியாமல் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்!

கோட்டை அழிக்க மறப்பது இதற்கு நேர் எதிர். இது பெரும்பாலும் எங்கே நடக்கும் என்றால், டிரைவர் துவங்கும்போது பாதியில் ஏதோ கிடைக்காமல் திரும்பிப் போகும் வழியில். வெற்றிப் பாதையை நாலு தடவை சோதிக்கிறோம். தோல்விப் பாதையை ஒரு தடவைகூட ஓட்டுவதில்லை. இந்தத் தப்பு சத்தம் போடாது. எல்லாம் "ஓடும்". பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

உடனே உடனே அணைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. டியூப்லைட்டை நிமிஷத்துக்கு நாலு தடவை போட்டு அணைத்தால் ஸ்டார்ட்டர்தான் போகும். அதனால் கர்னலில் 2009 கடைசியில் வந்த 2.6.32 பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கருவியையும் தனியாகத் தூங்கவைக்க ஒரு ஏற்பாடு உண்டு. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு அணை என்று தவணை சொல்லும் வசதியும் பின்னால் சேர்ந்தது. எத்தனை மில்லி செகண்ட் என்பது டிரைவர் எழுதுகிறவரின் கணிப்பு.

"இதெல்லாம் பி.இ., எம்.இ. படிச்சவங்க வேலைப்பா" என்று ஒரு பேச்சு நம்மிடமே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மேலே சொன்னதில் பெரிய கணக்கு எங்கே இருக்கிறது? முதலில் பவர், பிறகு கிளாக், பிறகு ரீசெட்டை விடுவி, அணைக்கும்போது தலைகீழ். இது ஒழுங்கு, ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் செய்தவனுக்குப் பழக்கமானதுதான். கர்னல் சோர்ஸ் பூட்டி வைத்த பொருளும் இல்லை, யாரும் எடுத்துப் படிக்கலாம். பக்கத்தில் அடையாறு ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசஸரின் வடிவமைப்பும் அப்படியே திறந்து கிடக்கிறது. அதில் 2018-ல் ஒரு சிப் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் தயாராகின. 2020-ல் மௌஷிக் வந்தது. 2025-ல் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ். சிப் இங்கே பிறந்தால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் டிரைவர் எழுத ஆள் வேண்டுமே! அந்த வரிசையில் டிப்ளமோக்காரன் ஏன் நிற்கக்கூடாது?

நான் கேட்பது சின்ன விஷயம். ப்ராஜெக்ட் மதிப்பெண் தாளில் இரண்டு கட்டம் கூடுதலாக வரட்டும்: வேலை செய்யும்போது எத்தனை மில்லி ஆம்பியர், சும்மா இருக்கும்போது எத்தனை. ராஸ்பெரி பையில் செய்பவர்கள் கர்னலின் டீபக் டைரக்டரியில் உள்ள கிளாக் சம்மரியை ஒரு பக்கம் அச்செடுத்து ரிப்போர்ட்டில் சேர்க்கட்டும். எந்த கிளாக்குக்கு எத்தனை கோடு போட்டிருக்கிறது என்பது அதில் வரிவரியாக இருக்கும். மாணவர் மன்றம் இதை ஹெச்.ஓ.டி. சாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், மல்டிமீட்டர் லேபில் இருக்கிறது. மில்லி ஆம்பியர் பக்கத்து ஃப்யூஸ் போயிருக்கும். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.