எங்கே படிச்சே?

அமெரிக்காவில் டாக்டராக, பட்டப்படிப்போடு உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் பணம் கட்ட வக்கில்லாதவர்கள், வேலை பார்த்துக்கொண்டே பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் மலிவாக இவற்றை முடிக்கிறார்கள். விண்ணப்பித்தால் சில மருத்துவக் கல்லூரிகள் முகம் சுளிக்கின்றன. என்ன படிச்சே என்பதல்ல கேள்வி, எங்கே படிச்சே?

பென்சீனுக்கு அங்கே ஆறு கார்பன், இங்கே அஞ்சா? நம்ம ஊர் டீக்கடைத் தனிக்குவளைதான். டீ ஒண்ணு, கிளாஸ் வேற.

தரமாம். இந்தத் தரத்தின் பூர்வீகம் தெரியுமா? 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் தரம் பற்றித்தான் அறிக்கை எழுதினார். கறுப்பினத்தவருக்கு அன்று ஏழு மருத்துவக் கல்லூரிகள். ஹோவார்டும் மெஹாரியும் போதும் என்றார். மற்ற ஐந்தும் பிறகு மூடப்பட்டன. காசுக்குப் பட்டம் விற்ற கடைகள் அன்று இருந்தது நிஜம்தான். ஆனால் பெரும்பாலான வெள்ளைக் கல்லூரிகள் கறுப்பு மாணவருக்குக் கதவைத் திறக்கவில்லையே! கறுப்பு டாக்டருக்கு அறுவை சிகிச்சையைவிடச் சுகாதாரமே முக்கியம் என்றும் எழுதிவைத்தார். சுகாதாரம்! நமக்குப் பழகின வார்த்தை.

எம்கேட் நுழைவுத்தேர்வு எல்லாருக்கும் ஒண்ணுதானே? அதிலும் மார்க் வாங்கிக் காட்டியவளிடம் அப்புறமும் எதற்கய்யா காலேஜ் பேரைக் கேட்கிறீர்?